பாலால் ஊரை வாழவைத்த பெருமகன் திரிபுவன்தாஸ் படேல்

 

பர் துபாயில் வாழும் நாம் காலையில் எழுந்தவுடன் குளிர்பெட்டியைத் திறந்து பாலை எடுக்கிறோம். அப்பால் பெரும்பாலும் இந்நாட்டின் பெரிய பண்ணைகளிலிருந்து வருவது. அல் ஐன் பண்ணை 1981-ஆம் ஆண்டிலும், அல் ரவாபி பண்ணை 1989-ஆம் ஆண்டிலும் தொடங்கப்பெற்றன. ஆயிரக்கணக்கான பசுக்களை நிழற்கூடங்களில் வைத்துக் குளிர்வித்து, இயந்திரங்களால் கறந்து, பாலைவனத்திலும் பால் பெருகச் செய்திருக்கிறார்கள். இது பெருமைக்குரிய முயற்சியே ஆகும்.

அதே சமையலறையின் அலமாரியில் அமுல் நெய்யும், குளிர்பெட்டியில் அமுல் வெண்ணெயும் பல வீடுகளில் இருக்கக் காணலாம். அந்த நெய்க்குப் பின்னே இத்தகைய பெரும் பண்ணை எதுவும் இல்லை. ஓர் எருமையோ இரண்டு எருமைகளோ வைத்திருக்கும் எளிய குடும்பங்கள் விடியற்காலையில் கறந்து, தூக்கில் எடுத்துச் சென்று, சங்கத்தில் ஊற்றிய பாலிலிருந்து அது வந்தது. குஜராத் மாநிலத்தில் மட்டும் இன்று ஏறத்தாழ 36 இலட்சம் குடும்பங்கள் அவ்வாறு பால் ஊற்றுகின்றன.

தனித்து நின்றால் விலை கேட்கவும் வலிமையற்ற இம்மக்கள் ஒன்றுசேர்ந்து ஒரு பெரும் தொழிலுக்கே உடைமையாளர் ஆனது எவ்வாறு? அதற்கு அடித்தளம் இட்டவர்களுள் முதன்மையானவர் திரிபுவன்தாஸ் கிஷிபாய் படேல். அமுல் என்றதும் வர்கீஸ் குரியன் அவர்களின் பெயர் பலருக்கும் நினைவுக்கு வரும். அக்குரியனைக் கண்டுபிடித்து, நிறுத்தி, நம்பி, அவருக்குப் பின்னே தூணாக நின்றவர் இப்பெரியவர். அவருடைய வரலாற்றை நம் பிள்ளைகள் அறிந்துகொள்ள வேண்டும்.

பிறப்பும் இளமையும்

திரிபுவன்தாஸ் படேல் 1903-ஆம் ஆண்டு அக்டோபர் 22-ஆம் நாள் ஆனந்த் என்னும் ஊரில் பிறந்தார். அந்நாளில் ஆனந்த், கேடா மாவட்டத்தைச் சேர்ந்த ஒரு சிற்றூராகவே இருந்தது. புகையிலையும் கம்பும் விளையும் வளமான மண் அது. ஆயினும் மழை பொய்த்தால் உழவன் கையில் காசு இராது. அத்தகைய காலங்களில் குடும்பத்தைத் தாங்கியது கொல்லையில் கட்டியிருந்த எருமையே ஆகும்.

அவர் சிறுவனாக இருந்தபோது, 1918-ஆம் ஆண்டில், விளைச்சல் பொய்த்த கேடா மாவட்டத்து உழவர்கள் நிலவரி செலுத்த மறுத்து அறப்போர் நடத்தினார்கள். காந்தியடிகள் வழிநடத்திய அப்போரில் அவருக்குத் துணைநின்று உழைத்தவர் வல்லபாய் படேல். பின்னாளில் சர்தார் என்று நாடு போற்றிய அப்பெரியவரே திரிபுவன்தாஸ் அவர்களுக்கும் வழிகாட்டியானார்.

விடுதலைப் போராட்டத்தில் ஈடுபட்ட திரிபுவன்தாஸ் 1930, 1935, 1942 ஆகிய ஆண்டுகளில் சிறை சென்றார். கதராடை உடுத்தி, ஊர் ஊராக நடந்து, உழவர்களோடு திண்ணையில் அமர்ந்து உரையாடுவது அவருடைய வழக்கம். மேடையில் முழங்கிப் பெயர் பெற்றவர் அல்லர். ஊரார் நம்பிய ஒருவர் என்பதே அவர் ஈட்டிய செல்வம். பிற்காலத்தில் அவர் செய்த பணிகள் யாவும் அந்த நம்பிக்கையை முதலாகக் கொண்டே நடந்தன.

பம்பாய்க்குச் சென்ற பால்

கேடா மாவட்டத்தில் பாலுக்குக் குறைவில்லை. பால் கறந்தவருக்குத்தான் பயன் இல்லை. ஆனந்தில் போல்சன் என்னும் தனியார் நிறுவனம் பால் பண்ணையொன்றை நடத்தி வந்தது. அந்நிறுவனத்தின் வெண்ணெய் அந்நாளில் நாடெங்கும் பெயர் பெற்றிருந்தது. 1945-ஆம் ஆண்டில் பம்பாய் அரசு, நகர மக்களுக்குப் பால் வழங்க ஒரு திட்டம் வகுத்தது. கேடா மாவட்டத்துப் பாலைத் திரட்டி, 400 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவில் உள்ள பம்பாய்க்கு அனுப்பும் உரிமை அந்த ஒரே நிறுவனத்திற்கு வழங்கப்பெற்றது.

வாங்குபவர் ஒருவரே என்றால் விலை சொல்பவரும் அவரே அல்லவா? நிறுவனத்திற்கும் உழவருக்கும் இடையே ஒப்பந்தக்காரர்கள் இருந்தனர். பம்பாயில் பால் வாங்குபவர் கொடுத்த பணத்தில் பெரும்பகுதி நடுவழியிலேயே தங்கிற்று. கோடையில் பாலைத் தொலைவிலிருந்து சுமந்து வருவதற்குள் அது திரிந்துவிடும். அந்த நட்டம் உழவனுடையது. குளிர்காலத்தில் பால் மிகுதியாகக் கிடைக்கும். அப்போது கேட்ட விலைக்குக் கொடுக்க நேரும், இல்லையேல் வாங்க ஆளிருக்காது. பால் ஒரு நாள் காத்திருக்கும் பொருள் அன்று. நெல்லையும் பருத்தியையும் விலை வரும்வரை வீட்டில் வைத்திருக்கலாம். காலையில் கறந்த பாலை அன்று பிற்பகல் வரையிலும் வைத்திருக்க இயலாது. இதனை நன்கு அறிந்த வணிகர் பேரம் பேசுவதில் என்றும் வென்றனர்.

பதினைந்து நாள்

மனம் கொதித்த உழவர்கள் சர்தார் வல்லபாய் படேலிடம் சென்று முறையிட்டார்கள். பிறர் தரும் விலைக்குக் காத்திராமல், பாலைத் திரட்டுவது, பதப்படுத்துவது, விற்பது ஆகிய மூன்றையும் தாங்களே கூட்டுறவாக நடத்த வேண்டும் என்பது அவருடைய அறிவுரை. அரசு இசையாவிட்டால் பால் விற்பதையே நிறுத்த நேரும் என்றும், அந்த இழப்பைத் தாங்கும் உறுதி வேண்டும் என்றும் அவர் எச்சரித்தார். பின்னர் மொரார்ஜி தேசாயைக் கேடா மாவட்டத்திற்கு அனுப்பிவைத்தார்.

1946-ஆம் ஆண்டு ஜனவரி 4-ஆம் நாள் சமர்க்கா என்னும் ஊரில் உழவர்கள் கூடினார்கள். ஊர்தோறும் ஒரு பால் சங்கம் அமைப்பது, அச்சங்கங்கள் சேர்ந்து மாவட்ட ஒன்றியம் காண்பது, அந்த ஒன்றியத்திடமே அரசு பால் வாங்க வேண்டும் என்று கேட்பது, மறுத்தால் எவருக்கும் பால் கொடுப்பதில்லை என்று முடிவு செய்தார்கள். அரசு மறுத்தது. பால் நிறுத்தப் போராட்டம் தொடங்கிற்று.

அந்தப் பதினைந்து நாளையும் நாம் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். பால் விற்ற காசில் அன்றாடம் உப்பும் எண்ணெயும் வாங்கும் வீடுகள் அவை. எருமைக்குத் தீவனம் போட்டே ஆகவேண்டும், காலையும் மாலையும் கறந்தே ஆகவேண்டும், பாலோ காசாகாது. ஒரு வீட்டார் மனம் தளர்ந்து இரவோடு இரவாகப் பாலை விற்றிருந்தாலும் அடுத்த வீடு தொடர்ந்திருக்கும், போராட்டம் குலைந்திருக்கும். ஆனால் ஊர்கள் குலையவில்லை. திரிபுவன்தாஸ் போன்ற தொண்டர்கள் ஊர் ஊராக நடந்து, மக்களின் உறுதியைக் காத்து நின்றார்கள். பம்பாய் நகருக்குச் செல்லும் பால் வறண்டது. பதினைந்து நாளுக்குப் பின் பம்பாயின் பால் ஆணையரே ஆனந்துக்கு வந்து நிலைமையைக் கண்டார். உழவர்களின் கோரிக்கை ஏற்கப்பெற்றது.

1946-ஆம் ஆண்டு டிசம்பர் 14-ஆம் நாள் கேடா மாவட்டக் கூட்டுறவுப் பால் உற்பத்தியாளர் ஒன்றியம் பதிவு செய்யப்பெற்றது. அதன் தலைவர் பொறுப்பைத் திரிபுவன்தாஸ் படேல் ஏற்றார்.

இரண்டே ஊர்கள்

போராட்டத்தில் வெல்வது ஒன்று. வென்றபின் தொழிலை நடத்துவது மற்றொன்று. பெயர் பதிவானதே தவிர ஒன்றியத்திற்கு எந்திரமும் இல்லை, தேர்ந்த பணியாளரும் இல்லை. திரிபுவன்தாஸ் மீண்டும் நடந்தார். ஒவ்வோர் ஊரிலும் பெரியவர்களைக் கூட்டிச் சங்கத்தின் பயனை விளக்கினார். போராட்டக் காலத்தில் கைதட்டியவர்களுள்ளும் பலர் தயங்கினர். சங்கம் நாளைக்கு மூடப்பட்டால் பழைய வணிகர் தங்கள் பாலை வாங்குவாரோ மாட்டாரோ என்னும் அச்சம் அவர்களுக்கு. அவ்வச்சத்தை அவர் இகழவில்லை. பொறுமையோடு கேட்டு, பொறுமையோடு விடை கூறினார்.

1948-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஒன்றியம் பம்பாய்த் திட்டத்திற்காகப் பாலைப் பதப்படுத்தத் தொடங்கியது. அப்போது பால் ஊற்றியவை இரண்டே ஊர்ச் சங்கங்கள். நாளொன்றுக்குச் சேர்ந்த பால் ஏறத்தாழ 250 லிட்டர். இன்று பர் துபாயில் நம் குடியிருப்புக் கட்டடம் ஒன்றில் ஒரு நாளில் செலவாகும் பாலைவிடச் சற்றே மிகுதியாக இருக்கலாம். அத்துணைச் சிறிய தொடக்கம் அது. ஆனால் ஊற்றிய பாலுக்கு உரிய காசு தவறாமல் கிடைத்தது. அச்செய்தி பக்கத்து ஊருக்குப் பரவிற்று. அவ்வாண்டு முடிவதற்குள் 400-க்கும் மேற்பட்ட உழவர்கள் சேர்ந்தனர். நாளொன்றுக்கு 5,000 லிட்டர் பால் வந்தது. சிறு துளி பெரு வெள்ளம் என்பது பழமொழி. கேடா மாவட்டத்தில் அது கணக்கேட்டில் எழுதப்பெற்ற உண்மையாயிற்று.

கோபிசெட்டிபாளையத்தில் பயின்ற பொறியாளர்

1949-ஆம் ஆண்டு மே மாதம் 13-ஆம் நாள் ஓர் இளைஞர் ஆனந்துக்கு வந்து சேர்ந்தார். அவர்தாம் வர்கீஸ் குரியன். கேரளத்துக் கோழிக்கோட்டில் பிறந்தவர் ஆயினும் தமிழ்நாட்டோடு நெருங்கிய தொடர்புடையவர். தந்தையார் அரசு மருத்துவராகப் பணியாற்றிய கோபிசெட்டிபாளையத்தில் வைரவிழாப் பள்ளியில் பயின்றார். பின்னர்ச் சென்னை லயோலா கல்லூரியிலும், கிண்டிப் பொறியியற் கல்லூரியிலும் படித்தார். அரசின் உதவித்தொகையில் அமெரிக்கா சென்று உயர்கல்வி பெற்றார். அதற்கு ஈடாக அரசு இட்ட பணியை ஏற்க வேண்டியிருந்ததால் ஆனந்தில் இருந்த அரசுப் பால் ஆய்வுப் பண்ணைக்கு அனுப்பப்பெற்றார். அவருக்கு அவ்வூரும் பிடிக்கவில்லை, வேலையும் பிடிக்கவில்லை. தங்குவதற்கு வீடு கிடைக்காமல் ஒரு வண்டிக் கொட்டகையில் தங்கினார். எப்போது விடுவிப்பார்கள் என்று நாள்களை எண்ணிக்கொண்டிருந்தார்.

அருகிலேயே திரிபுவன்தாஸ் அவர்களின் ஒன்றியம் பழைய எந்திரங்களோடு போராடிக்கொண்டிருந்தது. எந்திரம் நின்றால் பால் கெடும். பால் கெட்டால் உழவர்களின் நம்பிக்கையும் கெடும். ஆகவே எந்திரம் பழுதாகும்போதெல்லாம் திரிபுவன்தாஸ் இவ்விளைஞரைத் தேடி வந்து உதவி கேட்டார். வயதில் பதினெட்டு ஆண்டு இளையவரிடம், மாவட்டமே மதிக்கும் தலைவர் ஒருவர், தமக்குத் தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொண்டு உதவி வேண்டி நின்றார். குரியன் பலமுறை பழுது நீக்கிக் கொடுத்தார். இறுதியில், பழைய எந்திரங்களைக் கைவிட்டுப் புதிய பதப்படுத்தும் கருவி வாங்குவதே வழி என்று கூறினார். அந்நாளில் அதற்கு ஆகும் தொகை மிகப் பெரிது. திரிபுவன்தாஸ் தயங்கவில்லை, பணத்தைத் திரட்டிக் கருவிக்கு ஏற்பாடு செய்தார்.

இதற்குள் குரியனுக்கு விடுதலை ஆணை வந்துவிட்டது. பெட்டியைக் கட்டிப் புறப்படவிருந்தவரைத் திரிபுவன்தாஸ் தடுத்தார். வாங்கச் சொன்ன கருவியை நிறுவி இயக்கிக் காட்டும்வரை இரண்டு மாதம் இருக்குமாறு வேண்டினார். குரியன் இசைந்தார். இரண்டு மாதம் என்று தங்கியவர் தம் வாழ்நாள் முழுவதையும் ஆனந்திலேயே கழித்தார். 1950-ஆம் ஆண்டில் ஒன்றியத்தின் மேலாளரானார்.

தலைவரும் மேலாளரும் பணியைப் பகிர்ந்துகொண்ட முறை எண்ணத்தக்கது. உழவர்களைச் சேர்ப்பதும், அவர்களுடைய குறைகளைக் கேட்பதும், அரசியலாரின் தலையீட்டைத் தடுத்து நிறுத்துவதும் திரிபுவன்தாஸ் அவர்களின் பணி. எந்திரம், கணக்கு, விற்பனை ஆகியவை குரியனின் பணி. திரிபுவன்தாஸ் தம் கட்சியின் மாநிலக் கிளைக்குத் தலைவராக இருந்தவர். 1967 முதல் 1974 வரை மாநிலங்களவை உறுப்பினராகவும் விளங்கியவர். இத்தகைய செல்வாக்கு உடையவர், ஒன்றியத்தின் அன்றாட அலுவலைத் தேர்ந்தவர் கையில் விட்டு ஒதுங்கி நின்றார். அறியாததில் கை வைக்காமல் இருப்பதும் தலைமையின் இலக்கணம் அல்லவா?

குளிர்காலப் பாலும் பால்பொடியும்

ஒன்றியம் வளர வளர ஓர் இடர் தோன்றிற்று. எருமை கோடையில் கொடுக்கும் பாலைவிடக் குளிர்காலத்தில் மிக அதிகமாகக் கொடுக்கும். பம்பாய் நகரமோ ஆண்டு முழுவதும் ஒரே அளவுப் பாலையே ஏற்றது. மிகுந்த பாலை என்ன செய்வது? உழவனிடம் இன்று உன் பால் வேண்டா என்று சங்கம் சொன்னால், பழைய வணிகருக்கும் சங்கத்திற்கும் என்ன வேறுபாடு?

பாலைப் பொடியாக்கி வைத்துக்கொள்வதே தீர்வு. ஆனால் எருமைப் பால் கொழுப்பு மிகுந்தது; அதனைப் பொடியாக்க இயலாது என்று மேலைநாட்டு வல்லுநர் பலர் கருதினர். ஆனந்தில் குரியனின் நண்பரான பால்துறை வல்லுநர் தலாயா என்பவர் அது இயலும் என்று செய்து காட்டினார். ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதியம் எந்திரம் வாங்க உதவியது. குடியரசுத் தலைவர் இராசேந்திர பிரசாத் 1954-ஆம் ஆண்டு நவம்பரில் அடிக்கல் நாட்ட, பிரதமர் நேரு 1955-ஆம் ஆண்டு அக்டோபர் 31-ஆம் நாள் ஆலையைத் திறந்துவைத்தார். எருமைப் பாலைப் பொடியாக்கிய உலகின் முதல் ஆலை இதுவேயாகும். அன்றுமுதல் குளிர்காலப் பாலும் விலை போயிற்று. ஆண்டின் எந்நாளிலும் உறுப்பினர் கொண்டுவரும் பால் எவ்வளவாயினும் வாங்கிக்கொள்ளப்படும் என்னும் உறுதியைச் சங்கம் அளித்தது. அமுல் என்னும் வணிகப் பெயரும் அக்காலத்திலேயே வழக்கிற்கு வந்தது.

சங்கம் இயங்கும் முறை

மாணவர்கள் இம்முறையை நன்கு புரிந்துகொள்ள வேண்டும். அதில் அறிவியலும் அறமும் ஒருங்கே உள்ளன.

ஊரில் கறவை மாடு வைத்திருக்கும் எவரும் சிறு பங்குத்தொகை செலுத்தி உறுப்பினர் ஆகலாம். ஒருவர் பத்து எருமை வைத்திருக்கலாம், மற்றொருவர் ஒன்றே வைத்திருக்கலாம். இருவருக்கும் வாக்கு ஒன்றுதான். காலையும் மாலையும் பாலைச் சங்கத்திற்குக் கொண்டுவர வேண்டும். முன்னே வந்தவர் முன்னே நிற்பார். சாதியிலோ செல்வத்திலோ உயர்ந்தவர் என்று எவரும் வரிசையைத் தாண்ட முடியாது. அக்காலத்து ஊர்களில் இது சிறிய மாற்றம் அன்று.

ஊற்றிய பாலை அளந்து, அதிலிருந்து சிறிது எடுத்து, கொழுப்புச் சத்தைக் கண்டறிவார்கள். பசும்பாலில் கொழுப்பு நூற்றுக்கு நான்கு அளவில் இருக்கும். எருமைப் பாலில் ஏழு அளவில் இருக்கும். கொழுப்பிற்கு ஏற்ப விலை என்பதால் பாலில் நீர் சேர்ப்பவருக்கு ஊதியம் கூடாது. உண்மையாக இருப்பவருக்கே மிகுந்த பயன் கிடைக்கும்படி விலைமுறையே அமைந்தது. காலைப் பாலுக்கு மாலையிலும், மாலைப் பாலுக்கு மறுநாள் காலையிலும் காசு கைக்கு வந்தது. நாள்தோறும் கையில் காசு என்பது நிலமில்லாத குடும்பத்திற்கு எத்துணை ஆறுதல் என்பதை நம் பெற்றோர் அறிவர்.

ஊர்ச் சங்கங்கள் சேர்ந்து மாவட்ட ஒன்றியம்; ஒன்றியங்கள் சேர்ந்து மாநில இணையம். குஜராத்தில் அத்தகைய இணையம் 1973-ஆம் ஆண்டில் அமைந்தது. ஆலையும் வண்டியும் கடையும் உழவர்களுக்கே உரியவை. ஆண்டின் இறுதியில் மிஞ்சும் ஊதியமும் அவர்களுக்கே திரும்பும். மாட்டு மருத்துவர் வண்டியில் ஊருக்கே வருவார். சினை ஊசி போடுவார். கலப்புத் தீவனமும் சங்கத்திலேயே கிடைக்கும்.

நாடு அறிந்த நல்வழி

1963-ஆம் ஆண்டில் மணிலா நகரில் வழங்கப்பெறும் ரமோன் மகசேசே விருது திரிபுவன்தாஸ் படேல், குரியன், பம்பாய்ப் பால் திட்டத்தை நடத்திய தாரா குரோடி ஆகிய மூவருக்கும் சேர்த்து அளிக்கப்பெற்றது. பால் கொடுத்த ஊருக்காக நின்றவர்களும், பால் வாங்கிய நகரத்துக்காக உழைத்தவரும் ஒரே விருதைப் பகிர்ந்துகொண்டனர். மறு ஆண்டில் திரிபுவன்தாஸ் பத்மபூஷண் விருது பெற்றார்.

அதே 1964-ஆம் ஆண்டு அக்டோபர் மாத இறுதியில் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி கேடா மாவட்டத்திற்கு வந்தார். அஜர்புரா என்னும் சிற்றூரில் ஓர் இரவு தங்கி உழவர்களோடு உரையாடினார். அங்குள்ள மண்ணோ மாடோ பிற மாநிலங்களைவிடச் சிறந்தவை அல்ல என்பதையும், சங்கம் உழவர்களின் உடைமையாக இருப்பதே வெற்றிக்குக் காரணம் என்பதையும் உணர்ந்தார். அதன் விளைவாக 1965-ஆம் ஆண்டில் தேசியப் பால்வள வாரியம் ஆனந்தில் அமைந்தது. 1970 முதல் 1996 வரை வெண்மைப் புரட்சித் திட்டம் மூன்று கட்டங்களாக நடந்தது. முதற்கட்டத்தில் தில்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு பெருநகரங்களும் ஊர்ப்புறப் பால் வளத்தோடு இணைக்கப்பெற்றன.

தமிழ்நாட்டிலும் 1981-ஆம் ஆண்டில் கூட்டுறவுப் பால் உற்பத்தியாளர் இணையம் அமைந்தது. நாம் நன்கு அறிந்த ஆவின் அதுவே. நம் ஊர் மக்கள் சொசைட்டி என்று அழைக்கும் பால் சங்கம் ஆனந்தில் பிறந்த முறையைப் பின்பற்றியதே. 1998-ஆம் ஆண்டில் இந்தியா உலகிலேயே மிகுதியான பால் தரும் நாடாயிற்று. 2023-24-ஆம் ஆண்டில் நாட்டின் பால் விளைவு ஏறத்தாழ 23.9 கோடி டன். அதில் பெரும்பகுதி ஓரிரு மாடுகள் வைத்திருக்கும் வீடுகளிலிருந்து வருகிறது.

விலகிய பெருமை

1970-களின் தொடக்கத்தில் திரிபுவன்தாஸ் தாமாகவே தலைவர் பொறுப்பிலிருந்து விலகினார். எவரும் விலகுமாறு கேட்கவில்லை. கால் நூற்றாண்டு உழைத்த தலைவருக்கு ஊர்ச் சங்கத்து உறுப்பினர்கள் சிறுகச் சிறுகச் சேர்த்து, ஏறத்தாழ 6 இலட்சம் ரூபாயை நன்றிக் காணிக்கையாக அளித்தார்கள். அந்நாளில் அது பெருந்தொகை. அதனை அவர் தமக்கென வைத்துக்கொள்ளவில்லை.

அவருடைய மனத்தை உறுத்திய ஒன்று இருந்தது. எருமைக்கு நோய் வந்தால் மருத்துவர் ஊருக்கே வருகிறார். அந்த எருமையைக் குளிப்பாட்டி, தீவனம் வைத்து, பால் கறக்கும் தாய்க்கு நோய் வந்தால்? அவள் வயிற்றில் வளரும் குழந்தைக்கு? மாட்டுப் பணியில் பெரும்பங்கு பெண்களுடையது. சங்கத்தின் ஏட்டிலோ பெரும்பாலும் ஆண்களின் பெயரே இருந்தது. பால் நகரத்திற்குச் செல்ல, ஊர்க் குழந்தை மெலிந்திருந்தால் அந்த வளத்தால் என்ன பயன்?

தமக்குக் கிடைத்த காணிக்கையைக் கொண்டு 1975-ஆம் ஆண்டில் தாய்சேய் நலத்திற்காக ஓர் அறக்கட்டளையை நிறுவினார். திரிபுவன்தாஸ் அறக்கட்டளை என்று அது பெயர் பெற்றது. பால் சங்கம் இருக்கும் ஊரிலேயே ஒரு பெண்ணுக்குப் பயிற்சி அளித்து, கருவுற்ற தாய்மாரையும் சிறு குழந்தைகளையும் வீடு தேடிச் சென்று பேணும் நலப்பணியாளராக அமர்த்தும் முறையை அது கைக்கொண்டது. பாலுக்காக ஊர்தோறும் இட்ட பாதையிலேயே மருத்துவமும் சென்றது. அறக்கட்டளை வளர்ந்ததும் அதன் தலைமையையும் குரியனிடம் ஒப்படைத்துவிட்டு விலகினார். 1994-ஆம் ஆண்டு ஜூன் 3-ஆம் நாள் அவர் இயற்கை எய்தினார்.

பல ஆண்டுகள் அவருடைய பெயர் கேடா மாவட்டத்திற்கு வெளியே அதிகம் பேசப்படவில்லை. 2025-ஆம் ஆண்டில் இந்திய நாடாளுமன்றம் சட்டம் இயற்றி, கூட்டுறவுக் கல்விக்கென ஆனந்தில் ஒரு பல்கலைக்கழகத்தை அமைத்து, அதற்குத் திரிபுவன் என்னும் பெயரைச் சூட்டியது.

நாம் கொள்ள வேண்டியவை

ஓரிரு மாடு வைத்துப் பிழைப்பது எளிதான வாழ்வு அன்று. பிண்ணாக்கும் தவிடும் விலை ஏறுகின்றன; மேய்ச்சல் நிலம் சுருங்குகிறது; பாலுக்குக் கிடைக்கும் விலை அதற்கு ஈடாக எப்போதும் ஏறுவதில்லை. இளைஞர்கள் நகரங்களுக்கும், நம்மைப் போல் கடல் கடந்தும் சென்றுவிடுகின்றனர். சங்கம் என்னும் பெயர் இருந்தும் உறுப்பினர் விழிப்பாக இல்லாத இடங்களில் அது சிலருடைய கைப்பொருளாகித் தேய்ந்ததும் உண்டு. ஆகவே திரிபுவன்தாஸ் அவர்களின் வரலாறு முடிந்துபோன கதை அன்று. அவர் கட்டியதை ஒவ்வோர் ஊரும் ஒவ்வொரு தலைமுறையும் மீண்டும் காக்க வேண்டியிருக்கிறது.

இங்கு வாழும் பெற்றோர் பலருடைய பள்ளிக் கட்டணத்தை ஒரு பசுவோ எருமையோ செலுத்தியிருக்கும். அதிகாலையில் எழுந்து கறந்த அன்னையின் கைகள் நமக்கு நினைவிருக்கும். நம் பிள்ளைகளுக்கோ பால் என்பது கடை அலமாரியில் தேதி அச்சிட்டு நிற்கும் பொருள். அவர்கள்மேல் குற்றம் இல்லை. அவர்கள் கண்டதில்லை, அவ்வளவே.

அடுத்த விடுமுறையில் தாயகம் செல்லும்போது ஒரு நாள் விடியற்காலையில் பிள்ளைகளை எழுப்பி, ஊர்ப் பால் சங்கத்திற்கு அழைத்துச் செல்லுங்கள். தூக்கோடு வரிசையில் நிற்கும் பாட்டியையும், பாலை அளந்து ஏட்டில் எழுதும் பணியாளரையும் அவர்கள் காணட்டும். அந்த ஏட்டில் ஒரு லிட்டருக்கும் ஒரு வரி உண்டு, பத்து லிட்டருக்கும் ஒரு வரி உண்டு என்பதை அவர்களே கண்டறியட்டும். அந்தச் சமத்துவத்திற்காக ஒரு மனிதர் வெயிலில் ஊர் ஊராக நடந்தார் என்பதை அங்கே நின்று சொல்லுங்கள். அதன்பின் அவர்கள் குவளையில் பாலை மிச்சம் வைக்க மாட்டார்கள்.